பூஜாங்நிம் வந்தா அணையற திரை

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அதைப் பத்திப் பேசுற மனுஷங்கதான் சொல்லுவாங்கன்னு ரொம்ப நாளா நம்பிக்கிட்டிருந்தவ நான். மா டான்பிங்கிற பொண்ணு விஷயத்துல அந்த நம்பிக்கையில மண்ணு விழுந்துச்சு.

என் பேரு ஓக் மிரான். இன்சியோன் துறைமுகத்துக்குப் பக்கத்துல, உலர்ந்த கடற்பாசியை ஏற்றுமதி பண்ற கம்பெனியில கம்ப்யூட்டரை எல்லாம் பாத்துக்கிறது நான்தான். கம்ப்யூட்டர் மட்டும்னு சொன்னா அது பொய். பிரிண்டர், புரொஜெக்டர், ஒரு தடவை மீட்டிங் ரூம் ஹீட்டரும் என் தலையில விழுந்துச்சு. பிளக்குன்னு ஒண்ணு தொங்கினா போதும், "மிரானைக் கூப்பிடு"ன்னுடுவாங்க.

அந்தத் திங்கக்கிழமை காலையில விற்பனைப் பிரிவிலேருந்து கில் போன் பண்ணான். அங்க துணை மேனேஜர். வாயைத் திறந்தா கேலிதான்.

"அக்கா, நம்ம டான்பி ஸ்கிரீன் ரெண்டும் திடீர் திடீர்னு கறுத்துப் போகுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"எப்பல்லாம் போகுது?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குற சத்தம். "பூஜாங்நிம் உள்ள வர்றப்பல்லாம்."

"காலங்காத்தால என்னை வச்சு விளையாடாதே."

"சத்தியமா அக்கா! எங்களுக்குத்தான் அவரைக் கண்டா நடுக்கம்னு நெனச்சேன். கம்ப்யூட்டருக்கும் அதே நடுக்கம்தான் போல."

பூஜாங்நிம்னா அந்தப் பிரிவோட தலைவர், பியோ. ஆள் அகலம், குரல் அதைவிட அகலம். மனசு கெட்டவர் இல்லை. ஆனா சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா லேசுல விடமாட்டார். முன்னாடி அதே மேஜையில இருந்த ஒரு பையன் நாள் பூரா ஷேர் மார்க்கெட்டைப் பாத்துக்கிட்டு, இவர் தலை தெரிஞ்சா சட்டுனு மூடிடுவானாம். சூடு கண்ட பூனை கதையா, அதிலேருந்து அணைஞ்ச திரையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

நான் என் மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டுப் போனேன். அடுத்தவங்க உக்காந்து சூடாக்கி வச்ச நாற்காலியில உக்கார எனக்குப் பிடிக்காது. எங்க போனாலும் அந்த ஸ்டூல் கூடவே வரும். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க. நான் முட்டாளானது அந்த ஸ்டூலாலதான்.

அந்தப் பிரிவுல நாலு பேர், எல்லார் மேஜையிலயும் ஒரே ஏற்பாடுதான். லேப்டாப்புலேருந்து ஒரு ஒயர் டாக்கிங் ஸ்டேஷன்ங்கிற கறுப்புப் பெட்டிக்குப் போகும். அந்த டாக் பெட்டியிலேருந்து ரெண்டு பெரிய திரைக்கு ரெண்டு ஒயர். டான்பி இடது திரையில வெளிநாட்டு ஆர்டரை வச்சுப்பா, வலது திரையில கப்பல் விவரத்தை. வயசுல சின்னவங்கிறதால வாசல் பக்கத்து மேஜை. கதவைத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது அவ திரைதான். மத்தவங்க திரையெல்லாம் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கும்.

"என்னம்மா பண்ணுது?"ன்னு கேட்டேன்.

"தெரியலைக்கா. பூஜாங்நிம் வருவார், நாங்க எழுந்து தலை குனிஞ்சு வணக்கம் சொல்லுவோம். தலையைத் தூக்கிப் பாத்தா ரெண்டும் இருட்டா இருக்கு. அப்புறம் தானா வந்துடுது." சுத்துமுத்தும் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்தினா. "போன வாரம் கேட்டுட்டார்க்கா. 'நான் வந்ததும் எதை மூடுற?'ன்னு. நான் எதையும் தொடலீங்கன்னு சொன்னேன். 'தொடாம எப்படிம்மா அணையும்?'னு கேட்டுட்டுப் போயிட்டார்."

அவ கண்ணைப் பாத்ததும் விஷயம் புரிஞ்சுபோச்சு. அவளுக்கு இது தகுதி பாக்குற காலம். வெள்ளிக்கிழமை பியோ கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம், இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி அவளை இதே கட்டத்துல வீட்டுக்கு அனுப்பியிருக்கு. போதாததுக்கு அவ அம்மா ஊர்ல, குன்சான் சந்தையில, ஊறுகாயும் தொடுகறியும் விக்கிறவங்க. பொண்ணுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சந்தை முழுக்க இப்பவே சொல்லியாச்சாம்.

"யாரும்மா அவசரப்பட்டுச் சொன்னது?"

"நான்தான்க்கா அம்மாகிட்ட சொன்னேன். போன்ல குரல் ரொம்ப சோர்வா இருந்துச்சு, சந்தோஷப்படட்டுமேன்னு. சந்திரப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகணும்." உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "மீன்காரம்மா எனக்காக ஒரு பெரிய மீனே எடுத்து வச்சிருக்காங்களாம்."

அந்த மீனுக்காகவாவது இதைச் சரி பண்ணணும்னு எனக்கு ரோஷம் வந்துடுச்சு.

முதல்ல ஒயரை மாத்தினேன். அடுத்து டாக் பெட்டியை மாத்தினேன். அதோட மென்பொருளைப் புதுசு பண்ணேன். லேப்டாப்பையே வேற ஒண்ணு குடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் டான்பியை மெதுவா நகரச் சொல்லிட்டு, என் ஸ்டூல்ல உக்காந்து காத்திருப்பேன். ரெண்டு திரையும் சமத்தா எரியும். நான் கிளம்பிப் போனதும் பூஜாங்நிம் வருவார், டப்புனு அணையும், கில் போன் பண்ணுவான்.

"அக்கா, மறுபடியும் கறுத்துப் போச்சு. இன்னிக்கு அவர் கொஞ்சம் கோவமா வேற வந்தார், ரொம்ப நேரம் கறுத்தே இருந்துச்சு."

"உன் வாயை ஒரு டாக் பெட்டியில செருகி வச்சா நல்லா இருக்கும்."

புதன்கிழமை நான் வேணும்னே அங்கயே காத்திருந்தேன். பியோ பூஜாங்நிம் உள்ள நுழைஞ்சார். நாலு பேரும் படார்னு எழுந்து குனிஞ்சாங்க. நானும் ஸ்டூலை விட்டு எழுந்து குனிஞ்சேன், பின்ன என்ன? நிமிந்தா, ரெண்டு திரையும் இருட்டு. அவர் ஒருத்தர்தான் குனியலை. அதனால அவர் ஒருத்தர்தான் அது அணையறதைப் பாத்திருந்தார். அவர் பார்வை டான்பி கையில போய் நின்னுச்சு.

அப்பதான் அவர் மணிக்கட்டுல ஒண்ணு பளபளத்துச்சு. ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு சொல்லி விக்கிறாங்களே, காந்த வளையல். ஆஹா, மாட்டிக்கிச்சுடா திருடன்னு நெனச்சேன். காந்தம்! டாக் பெட்டி! வேற என்ன வேணும்?

"பூஜாங்நிம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வளையலைக் கழட்டி வெளிய வச்சுட்டு மறுபடி ஒருதடவை உள்ள வர முடியுமா?"

"இது எங்க மாமியார் குடுத்தது."

"உங்க மாமியார் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க."

கில் இருமுற மாதிரி சிரிச்சான். பியோ மூஞ்சியை உர்ருனு வச்சுக்கிட்டு வளையலைக் கழட்டி என் கையில குடுத்தார். நான் அதைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுல வச்சுட்டு வந்தேன். அவர் வெளிய போய், கதவைத் திறந்து உள்ள வந்தார். நாலு பேரும் படார்னு எழுந்தாங்க.

டப்பு. இருட்டு.

எனக்கு அந்த எடத்துலயே பூமி பிளந்து உள்ள போயிடலாம்போல இருந்துச்சு. பியோ வளையலை மாட்டிக்கிட்டே சொன்னார்: "ஆக, என்னால இல்லை. எங்க மாமியாராலயும் இல்லை. ஒயர் புதுசு, பெட்டி புதுசு, லேப்டாப் புதுசு. மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான், அந்த மேஜையில உக்காந்திருக்கிற ஆள்." டான்பியைத் திரும்பிக்கூடப் பாக்காம தன் ரூமுக்குப் போயிட்டார்.

பாருங்க, நல்லது பண்றேன்னு போய் அந்தப் பொண்ணுக்குக் குழியே வெட்டி வச்சிருக்கேன். பலகாரத்துக்குக் காய்ச்சின வெல்லப்பாகு முறிஞ்சாப்புல ஆயிடுச்சு என் நிலைமை. டான்பி காபி ரூமுல நின்னு, பாக்கெட் காபியைக் கலக்கிக் கலக்கி ஆறவச்சுக்கிட்டிருந்தா. அழலை. அழுதாக்கூடத் தேவலையா இருந்திருக்கும்.

"விடுங்கக்கா. மீன்காரம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்"ன்னா.

நான் "காபியைக் குடி முதல்ல, அது காபியா கூழா?"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டு வந்துட்டேன்.

மறுநாள் மத்தியானம். வெளிய கடல்காத்து தோலை உரிக்குது, யாரும் சாப்பாட்டுக்கு வெளிய போகலை. கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க. பூஜாங்நிம் ஊர்லயே இல்லை, சியோலுக்கு மீட்டிங் போயிருந்தார். நான் டான்பி மேஜைக்குக் கீழ குந்திக்கிட்டு, கழுத்தை ஒடிச்சு ஒயரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அங்கேருந்து பாத்தா எதிர் மேஜையில கில்லோட திரை தெரியும்.

கதவு திறந்துச்சு. "சாப்பாடு வந்தாச்சு!"ன்னு டெலிவரிக்காரர் ஒரு கத்து கத்தினார்.

பசி பாருங்க, நாலு பேரும் துள்ளி எழுந்தாங்க. டான்பி திரை ரெண்டும் டப்பு. கில் திரையும் டப்பு!

நான் தலையைத் தூக்கினேன், மேஜையில நங்குன்னு இடிச்சுது. "யாரும் அசையாதீங்க!"ன்னு கத்தினேன். பாவம் டெலிவரிக்காரர், பெட்டியோட ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னுட்டார்.

"என்னக்கா, பல்லி விழுந்துடுச்சா?"ன்னான் கில்.

"உன் திரையைப் பாருடா!"

"ஐயோ, என்னோடதும் போயிருக்கு! அவர் வந்தா எல்லார் கண்ணும் டான்பி திரையிலதான், என்னோடதை யாரு பாத்தா? அக்கா, இதுக்கு பூஜாங்நிம்னா பயம்னு நெனச்சோம், நூடுல்ஸ்னாலும் பயமா?"

"உக்காரு. இப்ப எழுந்திரு. அப்படி இல்லை, பூஜாங்நிம் வந்தா எப்படி எழுந்திருப்பியோ அப்படி."

துள்ளி எழுந்தான். டப்பு. மறுபடி உக்காரச் சொல்லி, மெதுவா எழுந்திருக்கச் சொன்னேன். திரை சமத்தா எரிஞ்சுது. அவ்வளவுதான், நாலு பேரும் தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சுட்டாங்க. நூடுல்ஸ் ஊறிப்போயிட்டிருக்கு, ஒருத்தருக்கும் கவலையில்லை. டெலிவரிக்காரர்கூட, "நான் ஒருதடவை உக்காந்து பாக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டு, உக்காந்து, துள்ளி, அணைச்சுட்டுத்தான் போனார்.

நாற்காலி! ஜனவரியில வந்த புது நாற்காலி! அடியில ஏத்தி இறக்குற காத்துக் குழாய் இருக்கே, குளிர்காலத்து வறண்ட காத்துல, கம்பளிச் சட்டையோட சட்டுனு எழுந்தா அங்க மின்சாரம் தெறிக்குது. கதவுப் பிடியைத் தொட்டா கையில சுரீர்ங்குமே, அதேதான். அது ஒயர் வழியாப் பாஞ்சு டாக் பெட்டிக்கு ஒரு மயக்கம் வரவழைக்குது. பெட்டி மயங்கினா திரை இருட்டு, மயக்கம் தெளிஞ்சா வெளிச்சம். நான்தான் மூணு நாளா என் தங்கமான ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, நாற்காலியைத் தவிர உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன்.

டான்பி மட்டும் சிரிக்காம நின்னா. "அப்படின்னா, நான் மெதுவா எழுந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதாக்கா?"

"ஆயிருக்காது."

"நான் எல்லாருக்கும் முந்தி எழுந்திருக்கணும்னு, அவர் செருப்புச் சத்தம் கேக்கும்போதே தயாரா இருப்பேன்."

மரியாதையா இருந்ததுக்கு இந்தப் பொண்ணுக்குத் திருட்டுப் பட்டம்.

கில்தான் மூச்சை இழுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். "சரி, பூனைக்கு யாரு மணி கட்டுறது? அந்த நாற்காலி அவர் வாங்கினது அக்கா."

அது வேற இருக்கே! பியோ பூஜாங்நிம் தானே கடை கடையா ஏறி, ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பாத்து வாங்கினது. "முதுகு நல்லா இருந்தாத்தான் கடற்பாசி நல்லா விக்கும்"னு வந்தவங்க போனவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தார். மாமியாரைச் சந்தேகப்பட்டாச்சு, இனிமே நாற்காலியையும் சந்தேகப்பட்டா என்னை உயிரோட விடுவாரா?

ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில போய் நின்னேன். பியோவுக்கும் மேல இருக்கிற டைரக்டர் அம்மா மத்தியானம் வந்து டான்பி விஷயத்தை முடிக்கிறதா ஏற்பாடு. அதுக்குள்ள சொல்லியாகணும்.

சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுட்டு, "நாற்காலி"ன்னார்.

"ஆமாங்க."

"நான் வாங்கின நாற்காலி."

"ரொம்ப நல்ல நாற்காலிங்க. முதுகுக்கு. நீங்களே டான்பி எடத்துல உக்காந்து ஒருதடவை எழுந்து பாருங்களேன்."

எழுந்து வந்தார். டான்பி ஒதுங்கி நின்னா. அவர் அவ நாற்காலியில சாஞ்சு உக்காந்தார், ரெண்டு திரையையும் பாத்தார், அப்புறம் எழுந்தார். எப்படி எழுந்தார்ங்கிறீங்க? இடுப்புல தண்ணிக் குடம் வச்சவங்க மாதிரி, ஆடாம, அசையாம, பதவிக்கேத்த நிதானத்தோட எழுந்தார்.

திரை ஜெகஜோதியா எரிஞ்சுது.

"வேகமா எழுந்திரிக்கணுங்க"ன்னேன்.

இன்னொரு தடவை எழுந்தார். அதே தண்ணிக் குடம். அவர் உடம்புக்கு வேகம்ங்கிறது மறந்தே போயிருந்துச்சு. இந்தப் பிரிவுல அவர் யாருக்காக எழுந்திரிக்கப் போறார்?

"ஓக் மிரான், முந்தாநாள் வளையல், இன்னிக்கு நாற்காலி. நாளைக்கு என் வழுக்கைத் தலை பளபளக்குதும்பீங்க." மறுபடியும் உக்காந்து, டான்பி திரையில இருந்த ஆர்டர் பட்டியலைப் பாக்க ஆரம்பிச்சார். "இந்தப் பொண்ணு மேல உங்களுக்குப் பரிவு இருக்கு. புரியுது. ஆனா நான் கண்ணால பாத்ததை..."

கதவு திறந்துச்சு. மத்தியானம் வரவேண்டிய டைரக்டர் அம்மா காலையிலயே வந்து நின்னாங்க.

பியோ பூஜாங்நிம் துள்ளினார் பாருங்க! அந்த உடம்புக்குள்ள அப்படி ஒரு வேகம் ஒளிஞ்சிருக்கும்னு யாரு கண்டா? நாற்காலி பின்னால உருண்டு சுவர்ல இடிச்சுது. அவர் இடுப்பு வரைக்கும் குனிஞ்சார். நாங்க எல்லாரும் குனிஞ்சோம். குனியாம நின்னது டைரக்டர் அம்மா ஒருத்தங்கதான்.

அவங்க பார்வை நேரா திரைக்குப் போச்சு.

"என்ன பியோ பூஜாங், நான் உள்ள வந்ததும் அணைச்சுட்டீங்க? அப்படி என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?"

அவர் நிமிந்தார், திரும்பினார். ரெண்டு திரையும் அமாவாசை.

"நான்... நான் எதையும் தொடலீங்க!"

"தொடாம எப்படி அணையும்?"

பியோவுக்குக் காது நுனி வரைக்கும் செவந்துபோச்சு. அந்தக் கேள்வி எங்கயோ கேட்ட கேள்வின்னு அவர் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு. கில் நோட்டை எடுத்து முகத்தை மறைச்சுக்கிட்டான், தோள் மட்டும் குலுங்குது. அதுக்குள்ள திரை ரெண்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எரிய ஆரம்பிச்சுடுச்சு.

"நாற்காலிங்க!"ன்னார் பியோ. "நாற்காலிதாங்க! பாருங்க, இப்ப காட்டுறேன்!" உக்காந்தார், துள்ளினார். டப்பு. "பாத்தீங்களா? கை இங்க இருக்கு, ரெண்டு கையும் இங்க இருக்கு!" கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மறுபடி உக்காந்தார், துள்ளினார், டப்பு. டை ஒரு பக்கம் போச்சு, மூச்சு வாங்குது, நிறுத்தற வழியாக் காணோம். டைரக்டர் அம்மா கொஞ்ச நேரம் பாத்தாங்க, அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதும் எங்களுக்கும் அனுமதி கெடைச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் சிரிச்ச சிரிப்புல முந்தாநாள் அவமானமெல்லாம் கரைஞ்சுபோச்சு.

கடைசியில அவர் நின்னார். நெத்தியைத் துடைச்சுக்கிட்டு டான்பி பக்கம் திரும்பினார்.

"நீ தினமும் இதைத்தானே சொன்ன."

"ஆமாங்க"ன்னா டான்பி, தலையைத் தூக்காம.

"நான் வர்றப்பல்லாம் உன் திரை அணையும். நான் கவனிச்சிருக்கேன்." கோணின டையை நேராக்கிக்கிட்டார். "நீதான் முதல்ல எழுந்திருக்கிறவ. அதை நான் கவனிக்கலை. தப்பு என்னோடதும்மா."

கையெழுத்தை அங்கயே போட்டார், டான்பி மேஜையில வச்சு, நின்னுக்கிட்டே. நாற்காலியில உக்கார அவருக்குத் துணிச்சல் வரலை.

டான்பி அன்னிக்கு காபி ரூமுல அழுதா. நல்ல அழுகை, மூக்கைச் சிந்திக்கிட்டு, நடுநடுவுல சிரிச்சுக்கிட்டு. புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது எனக்கு ஒரு டப்பா ஊறுகாய், கில்லுக்கு ஒரு டப்பா, பூஜாங்நிம்முக்கு ரெண்டு டப்பா. மீன் ரொம்பப் பெருசாம்.

அதுக்குள்ள நான் எல்லார் மேஜையிலயும் கனமான உறை போட்ட நல்ல ஒயரா மாத்தி, டாக் பெட்டியையெல்லாம் நாற்காலிக்கு எட்டாத தூரத்துல ஒட்டி, மூலைக்கு மூலை ஈரக்காத்து விடுற கருவியும் வச்சுட்டேன். இப்ப யாரு எப்படித் துள்ளினாலும் ஒண்ணும் அணையாது. சோதிச்சுப் பாத்தது கில். கட்டுப்படுத்தவே முடியலை அவனை.

ஆனா பூஜாங்நிம்கிட்ட மட்டும் அதை நாங்க இன்னும் சொல்லலை. தாழ்வாரத்துல அவர் செருப்புச் சத்தம் கேக்கும்போதே கூடவே குரலும் வந்துடுது: "எழுந்திரிக்காதீங்க! யாரும் எழுந்திரிக்காதீங்க! நான்தான் வர்றேன்!" கதவைத் திறந்து, பூனை மாதிரி உள்ள வந்து, டான்பி திரை எரியுதான்னு இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு பாப்பார். டான்பி உக்காந்தபடியே, "காலை வணக்கம், பூஜாங்நிம்"ம்பா.